குறிப்பில் ஏறாத வாக்கியம்

ஊதா மையில் அச்சான எட்டுத் தாள்கள். ஈரம் காய்வதற்குள் சரித்திர ஆசிரியை அவற்றை எங்கள் கையில் கொடுத்தார். பள்ளியில் ஐக்கிய நாட்டுச் சபை நடத்தப் போகிறோம், ஆளுக்கொரு நாடு, இவைதாம் விதிகள் என்றார். தலைவர் அழைக்காமல் எழுந்து பேசக்கூடாது. பேராளர் தம் நாட்டுக்காக மட்டுமே பேசவேண்டும். விதி மீறினால் யாரும் ஆட்சேபம் எழுப்பலாம். அதன்மேல் தலைவர் சொல்வதே முடிவு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயத்தில், குழாயடியில் குரல் உயர்ந்தவருக்கே தண்ணீர் என்று வளர்ந்தவள் நான். கையைத் தூக்கினால் ஒரு கூடமே வாய்மூடிக் கேட்கும் என்பது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. சிரம்பானிலிருந்து தோட்டம் திரும்பும் பஸ்ஸில் அந்த எட்டுத் தாளையும் மனப்பாடம் செய்தேன்.

சபைத் தலைவியாகத் தேர்வானவள் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாரின் மகள். என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிட வேண்டி வந்தால். லிங்கிப் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தில் கிராணி வீட்டுக்கும் பட்டை சீவிப் பால்மரம் வெட்டுகிறவர்களின் லயத்துக்கும் நடுவே ஒரு செம்மண் பாதைதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர்களான கிராணி வீட்டார் அதைக் கடந்து வந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸிலும் அவள் முன் இருக்கை, நான் கடைசி.

அது மலாயாவின் அவசரகாலம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டையிட்ட நேரம். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, இடுப்பு மடிப்பு வரைக்கும் தடவிப் பார்ப்பார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக்கூடாது. அதனால் அப்பாவும் அம்மாவும் மதியம் திரும்பும்வரை வெறும் வயிற்றோடுதான் மரம் வெட்டினார்கள். அப்படியும் அரிசி போனது. கொண்டுபோனவர் என் அம்மாவின் தம்பி. விருப்பத்தோடு செய்தாரா, பயந்து செய்தாரா என்று எனக்குத் தெரியாது. சைக்கிள் பம்புக்குள் அவர் அரிசியைக் கொட்டியதை ஒருமுறை பார்த்துவிட்டேன். பிடிபட்டால் சிறை, அல்லது குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள்.

சபை கூடிய நாளில் பேச்சு, போரில் வீடிழந்தவர்களுக்கு உணவு அனுப்புவது பற்றி. நான் பர்மா. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. எழுதி வைத்ததை ஒரு நிமிடம் ஒழுங்காகத்தான் பேசினேன். கூடம் முழுவதும் என்னையே பார்த்தது. அந்த அமைதி தலைக்கேறியது. பர்மாவை மறந்தேன்.

"வேலி போட்டுப் பசியை நிறுத்த முடியாது. எங்கள் தோட்டத்தில் எத்தனை சோதனை செய்தாலும் அரிசி வெளியே போகிறது. சைக்கிள் பம்புக்குள்ளேகூட..."

மேசை மணி விடாமல் அடித்தது. அக்கா எழுந்து நின்றிருந்தாள். "பேராளர் தம் நாட்டை விட்டு விலகிவிட்டார். கடைசி வாக்கியங்கள் குறிப்பில் ஏறா. பர்மா உட்காரலாம்." யாருமே ஆட்சேபம் எழுப்பவில்லை, அவளாகவே நிறுத்தினாள். காது சூடாகி உட்கார்ந்தேன். விருந்தினர் வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை.

பஸ் நிற்கும் இடத்தில் அவளை மறித்தேன். "எங்க பசிய சொன்னா கிராணி வீட்டுக்குக் கோபம் வருதுலா?"

"நீர் வீட்டில ஒண்டும் சொல்லாதையும்," என்றாள். பஸ்ஸில் ஏறி முன் இருக்கைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் தலைமையாசிரியை அறைக்கு இருவரையும் அழைத்தார்கள். உள்ளே ரகசியப் போலீஸ்காரர் ஒருவர், தமிழர், அடக்கமான குரல். சபைக் குறிப்பேடு அவர் முன்னால் திறந்திருந்தது.

"இந்தப் பொண்ணு சைக்கிளைப் பத்தி ஏதோ சொல்லிச்சாமே. இதுல காணோமே."

"தலைவர் அனுமதிக்காத பேச்சைக் குறிப்பில எழுதிறேல்லை, சேர். விதி அப்பிடி," என்று அக்கா எட்டுத் தாளை நீட்டினாள்.

அவர் பொறுமையாகப் படித்தார். "விதி இருக்கட்டும்மா. உன் காதுல என்ன விழுந்துச்சு?"

"நான் மணி அடிச்சுக்கொண்டிருந்தன், சேர். ஒண்டும் கேக்கேல்லை."

என்னைப் பார்த்தார். "பயத்துல உளறிட்டேன் சார். ஞாபகம் இல்ல," என்றேன். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏட்டை மூடினார். எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. அந்த வாரமே மாமா சைக்கிளை விற்றுவிட்டார். அம்மாவிடம் நான்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

போலீஸ்காரர் விசாரித்த அன்று பஸ்ஸில் அக்கா கடைசி இருக்கைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுதூரம் போன பிறகு, "பொய் சொல்லிப்போட்டன்," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. பங்கீட்டு அரிசி அவள் அப்பாவின் பொறுப்பில் இருந்தது, அரிசி வெளியே போனது தெரிந்தால் முதல் கேள்வி அவருக்குத்தான் என்பது எனக்குப் பின்னால் புரிந்தது. யாருக்காக மணி அடித்தாள்? அவள் அப்பாவுக்காகவா, என் வீட்டுக்காகவா? கேட்கத் தோன்றியபோது அவள் கல்யாணமாகி யாழ்ப்பாணம் போயிருந்தாள். இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு நின்றுவிட்டன.

போன மாதம் சிரம்பானில் இப்படியொரு மாணவர் சபைக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். விதிகளெல்லாம் பிள்ளைகளின் கைப்பேசியில் இருந்தன. எதிராளியின் நேரத்தைத் தின்பதற்கென்றே ஆட்சேபம் எழுப்பிச் சிரித்துக்கொண்டார்கள். வாசலில் அவர்களை யாரும் தடவிப் பார்க்கப்போவதில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நடுவர் தாளில் ஒரு கட்டம்: தலைவரின் நடுநிலை, பத்துப் புள்ளி. அன்றைய கணக்கில் எங்கள் அக்காவுக்கு முட்டைதான் போடவேண்டும். மாமா பேரப்பிள்ளைகளின் கல்யாணமெல்லாம் பார்த்துவிட்டு, இந்த மண்ணிலேயே, தன் கட்டிலில் படுத்தபடி கண்மூடினார்.