மகளின் ஊசியை நான் நிறுத்தினேன்

போன வருடம் தைப்பூசம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நடந்தது என்பதைவிட நான் நடத்தியது என்று சொல்வதுதான் சரி. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஏர்கோன், அதாவது ஏசி, பழுதுபார்க்கும் வேலை. கிள்ளான், செராஸ், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று என் லோரி போகும் இடமெல்லாம் என் வாயும் போகும். எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆள் நான். அதற்கு முந்தைய தீபாவளிக்குப் பிறகு, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் ஒரே மகள் குச்சியாக இளைத்துப்போனாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். மருத்துவமனையில் சோதித்துவிட்டு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய் என்றார்கள். வயதானவர்களுக்கு வரும் வகை இல்லையாம், தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டுமாம். காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்கள். நான் பாதியைக் காதில் வாங்கவே இல்லை. பொம்பளைப் பிள்ளை ஆயிற்றே, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது. சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் கழிவறைக்குள் போய் ஊசி போட்டுக்கொள் என்பேன். அவளும் ஊசியை எடுத்துக்கொண்டு போவாள்.

பிறகு முருகனிடம் பேரம் பேசினேன். என் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன், பிள்ளை உடம்பில் ஏறும் ஊசியை நீ நிறுத்திவிடு. இதுதான் வேண்டுதல். வீடே விரதம் இருந்தது. அந்த வாரங்களில் அவளுடைய சர்க்கரை அளவு இறங்கிக்கொண்டே வந்தது. வழக்கமான ஊசியைப் போட்டால் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. சீனித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தாள். இப்படி ஆனால் உடனே கூப்பிடுங்கள், ஊசி அளவை மாற்றித் தருகிறோம் என்று மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. சாமியே கேட்டுக்கொண்ட பிறகு டாக்டரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

காவடியை இறக்கிய மறுநாளே ஊசியை நிறுத்தினேன்.

"ஒரு வார்த்தை டாக்டர கேட்டுட்டு நிறுத்தலாங்க" என்றாள் என் மனைவி.

"சாமி மேல நம்பிக்கை இல்லன்னா சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதல் சில நாள் அளவு நன்றாகவே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்த நோயை, போய்விட்டது என்றதும் ஊரெல்லாம் சொன்னேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடையில் ஏர்கோன் மாட்டப் போனபோது கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிப்பு நீரே போயிடுச்சுண்ணே" என்று அழுதேன். அதற்குப் பிறகு விரலில் குத்திச் சோதிப்பதையும் விட்டுவிட்டோம். சோதித்தால் சாமியைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். இதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை அவள் வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். முந்தின நாள் வாங்கித் தந்த நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, சேரவில்லை போலிருக்கிறது என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். மதியத்துக்குள் ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்க ஆரம்பித்தாள். வாயில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், பதில் சொல்லவில்லை. என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு லோரியில் ஏறினாள், நான் ஓட்டினேன். அவசரப் பிரிவில், ரத்தம் அமிலமாகிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளை கிடைத்திருக்காது என்றார்கள். அங்கிருந்த நாற்காலியில் உட்காரக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டாள். வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு தமிழ் டாக்டர் வந்தார், சின்ன வயதுப் பெண்.

"ஊசிய யாரு நிறுத்தச் சொன்னது?" என்று எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "நான்தான் டாக்டர். அப்பா போடச் சொன்னாரு. நான் போட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் மருந்து இறங்கும் குழாயைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நம்ம ரத்தத்துல காவல் அணுக்கள் இருக்கும்மா. கிருமி வந்தா அடிக்கிறதுதான் அதுங்க வேல. உனக்கு அதுங்க ஆள் தெரியாம, கணையத்துல இன்சுலின் செய்யுற உன் சொந்த அணுக்களயே அடிச்சுப் போட்டுடுச்சு. நீ என்னமோ சாப்பிட்டதால வந்தது இல்ல. ஊசி போட ஆரம்பிச்சதும் மிச்சம் மீதி இருக்கிற அணுக்களுக்கு ஓய்வு கிடைக்கும், கொஞ்ச நாளைக்கு நல்லா வேல செய்யும். சர்க்கரை இறங்கிடும். குணமாயிடுச்சுன்னு நெனச்சுக்குவோம். ஆனா உள்ள அந்த அடி நிக்கல. மிச்சமும் போயிடும். அதனால ஊசிய மட்டும் நிறுத்தவே கூடாது. பெரியவங்களே இதுல ஏமாந்து போறாங்க, நீ சின்னப் பிள்ளலா."

"சோரி டாக்டர்" என்றாள் மகள். என் தப்புக்கு, காய்ந்த உதட்டோடு அவள் மன்னிப்புக் கேட்டாள்.

டாக்டர் வெளியே போனதும் பின்னாலேயே ஓடினேன். "டாக்டர், நிறுத்துனது நான்தான். அவ இல்ல" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்கிட்ட இங்க வந்து சொல்லி என்ன அங்கிள்? அவ முன்னாடி சொல்லுங்க" என்று என்னை உள்ளே அழைத்து வந்தார்.

சொன்னேன். என் மனைவி முன்னால், மகள் முன்னால், பக்கத்துக் கட்டில்காரர்கள் காதில் விழ எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுதலையும் சொன்னேன். சாமியை நான் குறை சொல்லவில்லை, பேரம் பேசியதும் நானே, பேரம் முடிந்தது என்று முடிவு செய்ததும் நானே. டாக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் போன பிறகு மகள் மெதுவாகக் கேட்டாள். "ஏன்ப்பா சொன்னீங்க? உங்கள ஏசுவாங்கன்னுதான நான் அப்படிச் சொன்னேன்."

பேச்சு வந்ததும் என் பிள்ளை முதல் வேலையாக என்னைக் காப்பாற்றப் பார்த்தாள், அவளைக் காப்பாற்ற வேண்டிய நான் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.