பெருவிரலில் கட்டிய கயிறு

நீல நிற நைலோன் கயிறு அது. துணி காயப்போட அம்மா அக்கரப்பத்தனை கடையில் வாங்கியது. அதன் ஒரு முனை, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக் கூரைச் சட்டத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலில். மறுமுனை அக்காவின் வலது கால் பெருவிரலில். இடையில் ஒரு மேசை, மேசைமேல் மடிக்கணினி, அதற்குள் மலைச்சரிவுகளில் மண் எப்படி வழுக்குகிறது என்பது பற்றிய அக்காவின் முடியாத ஆய்வேடு. அக்காவின் மேற்பாதி பல்கலைக்கழகத்திலும் கீழ்ப்பாதி தாய்மையிலும் இருந்தன. எனக்கு அப்போது வேலையில்லை. என் இரண்டு பாதிகளும் கட்டிலில் இருந்தன.

அக்கா தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டு வாங்கிய தவணையெல்லாம் பிரசவத்தோடு கரைந்துபோயிருந்தது. அத்தானுக்குக் கொழும்பில் வேலை. ஆகவே பத்து மாதப் பிள்ளையோடு எங்கள் லயத்துக்கு வந்து இறங்கினாள். அம்மாவோ அப்போதும் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தார். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுப் பார்த்தோம். அக்காவின் மகள், என் மருமகள், வாசற்படியிலேயே ஊரைக் கூட்டிவிட்டாள். வீட்டிலோ தூக்கி வைத்திருந்தால் சிரிப்பாள், இறக்கிவிட்டால் அழுவாள். மூன்றாவது நிலை எதுவும் அவளுக்குத் தெரியாது.

“மொதல்ல பிள்ளையப் பாருடி. எழுத்து எங்க ஓடிப் போவுது?” என்றார் அம்மா ஒரு மாலை, தலையிலிருந்து கூடைக் கயிற்றை இறக்கியபடி.

“நீங்க மட்டும் என்னையப் பிள்ளைக்காம்பராவுல போட்டுட்டுப் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போனீங்கதானே? அப்ப கொழுந்து ஓடிப் போயிருக்குமா?”

“கொழுந்து நிக்காதுடி. எடுக்காட்டி முத்திரும்.”

“இதுவும் முத்திரும்மா.”

அம்மா அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தார். பிறகு வெளியே போய், காய்ந்தும் காயாமலும் கிடந்த துணிகளை என் மேல் வீசிவிட்டு, கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து தொட்டிலில் கட்டினார். மறுமுனையை அக்காவின் விரலில் அவரே சுற்றினார். “ஆட்டிக்கிட்டே எழுது” என்றார். அம்மாவிடமிருந்து அதைவிடப் பெரிய ஆதரவை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதற்கொரு நிபந்தனை இருந்தது. கயிறு நின்ற கணமே மருமகள் கண்ணைத் திறந்துவிடுவாள். எழுத வராமல் விழித்துக்கொண்டிருக்கும்போதும் அக்காவின் கால் ஆட வேண்டும். ஒரு பகல் அவள் குளிக்கப் போனபோது அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. தாய்மாமன் என்றால் காதுகுத்துக்கு மடி கொடுத்தால் போதும் என்று நம்பியிருந்தவன் நான். பேப்பர் படித்தபடி ஆட்டினேன். முதலில் தூங்கியது நான். அக்கா திரும்பி வந்தபோது மருமகள் தொட்டிலிலிருந்து நழுவி இறங்கி, மேசைக்கடியில் உட்கார்ந்து இரண்டாம் அத்தியாயத்தின் ஒரு பக்கத்தை மென்றுகொண்டிருந்தாள். அந்த ஆய்வின் முதல் வாசகி அவள்தான். எனக்குத் தெரிந்து அதைச் செரித்தவளும் அவள் ஒருத்திதான். “தாய்மாமன் லட்சணத்தப் பாரு” என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லி முடித்தார்.

ஆய்வேட்டை அச்சிட்டுக் கொடுக்க அக்கா சில நாட்கள் பல்கலைக்கழகம் போகவேண்டி வந்தது. பிள்ளையை அம்மா வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார். கொடுத்துவிட்டு மழையில் நனைந்து திரும்பிய அக்கா, குடையை மடக்காமலே இரண்டு கையையும் நீட்டினாள். மருமகள் அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்கா அழவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. விரலில் கயிறு இல்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்லி நிலைமையைக் காப்பாற்றுவது என் வழக்கம். அன்று ஒன்றும் வரவில்லை.

“நீயும் இப்படித்தான்டி” என்றார் அம்மா. “வேலை விட்டு வந்து தூக்குனா, ஆயாகிட்டயே தாவுவ. நா தண்ணிப் பீலிகிட்டப் போயி நின்னு அழுதிருக்கேன். பொறவு சரியாயிரும்.”

“சரியாச்சா?”

“அத நீதான் சொல்லணும்.”

அக்கா நகர்ந்து வந்து அம்மாவின் மற்றத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து மருமகளின் கை ஒன்று நீண்டு அக்காவின் ஈரத் தலைமுடியைப் பிடித்து இழுத்தது.

வேலை நிரந்தரமானது. கொடிக்கயிறு மறுபடி துணிக்கே போனது. பதினாறு வருடங்கள் கழித்து, போன மாதம் அக்கா பேராசிரியராகி முதல் உரை நிகழ்த்தினாள். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கும் மருமகள் விடிகாலை பஸ்ஸில் வந்த களைப்பில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஒருவர் அக்காவை அறிமுகப்படுத்தத் தொடங்கி, நிறுத்தும் வழி தெரியாமல் போய்க்கொண்டிருந்தார். மேசை விரிப்புக்குக் கீழே அக்காவின் வலது செருப்பு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அம்மா என் கையைக் கிள்ளிக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன், மருமகள் அம்மாவின் தோளில் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.

கைதட்டல் கேட்டது. அதற்கும் அவள் அசையவில்லை. அக்கா எழுந்தாள். கால் நின்றது.

மருமகள் கண்ணைத் திறந்து, “அம்மா தொடங்கிட்டாங்களா மாமா?” என்றாள்.