பாண்டித்துரை விரித்த முன்பக்கம்

பாண்டித்துரை அண்ணனுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் ராஸ் அல் கைமாவில் பதினாறு வருடமாக ஆங்கிலப் பத்திரிகை போடுகிறவர் அவர்தான். சாயல்குடிப் பக்கத்து ஆள். விடியுமுன் வேனில் ஏறி ஹோட்டலுக்கும் கடைகளுக்கும் போட்டுவிட்டு, முந்தின நாள் விற்காததைத் திரும்ப எடுத்துவருவார். அதில் ஒரு கட்டு எங்கள் அறைக்கு வரும். படிக்க அல்ல, சாப்பிட.

அறையில் ஆறு பேர். தரையில் பேப்பரை விரித்து, நடுவில் சோற்றுச் சட்டியை வைத்துச் சுற்றி உட்காருவோம். முள்ளும் எலும்பும் பேப்பர் மேலேயே. முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போட்டால் வேலை தீர்ந்தது. வளைகுடாவில் இப்படிச் சாப்பிடாத பேச்சிலர் அறையை நான் பார்த்ததில்லை.

விரிப்பதில் அண்ணனுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. அரபிப் பேப்பர் கூடாது, அதில் ஆண்டவன் பேர் இருக்கும். சாமி படம் வந்த பக்கம் கூடாது. ஆட்சியாளர் படம் கூடவே கூடாது. "எச்சிக் கை படக்கூடாத ஆளுன்னு இருக்குல்லடா" என்பார். அதையெல்லாம் தனியே எடுத்து அலமாரி மேல் அடுக்கிவைப்பார்.

எழுத்துத் தெரியாவிட்டாலும் முன்பக்கத்தை அவர் நன்றாகப் படிப்பார். பக்கம் முழுக்கக் கலரில்லாமல் ஒரே ஒரு படம் இருந்தால், பெரிய இடத்தில் சாவு. தண்ணீரில் கார் மிதந்தால் மழை. கண்ணைப் பறிக்கும் கட்டடமென்றால் விளம்பரம், செய்தி அடுத்த பக்கம். எங்களைப் போன்ற ஆட்கள் செத்தால் இடது பக்கம் கீழே, பாஸ்போர்ட் படங்கள் கட்டைவிரல் நகமளவு, வரிசையாக. பெரிய செய்தி வந்த நாளில் கூடுதலாக அடிப்பார்கள். கூடுதலாக அடித்தால் மிச்சமும் கூடத்தான் செய்யும். அன்றைக்கு எங்களுக்குப் பெரிய கட்டு கிடைக்கும்.

போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, கல்குவாரிச் சாலையில் தொழிலாளர் பஸ் ஒன்று நின்ற லாரியில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் முன்பக்கத்தில் செய்தி வந்தது. மேலே பாதிப் பக்கத்துக்கு ஏதோ மாநாடு, கைகுலுக்கும் படம். கீழே ஏழு முகங்கள். நான் பிளஸ் டூ படித்தவன், செராமிக் கம்பெனியில் ஸ்டோரில் வேலை. புதன்கிழமை மிச்சக் கட்டு அறைக்கு வந்ததும் தலைப்பைப் படித்தேன். நம் கம்பெனி பஸ் இல்லை என்று தெரிந்ததும் அந்த முகங்களின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். இதைச் சொல்ல இப்போதும் நாக்கூசுகிறது.

வியாழக்கிழமை, மளிகைக் கடை சாதிக் பாட்ஷா பாய் ஒருவரை அழைத்துவந்து எங்கள் அறையில் விட்டார். பெயர் கனகரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், குவைத்தில் மங்காஃபில் வேலை. செத்த ஏழு பேரில் அவருடைய தம்பி சுஜந்தனும் ஒருவன். உடலோடு ஊருக்குப் போக வந்திருந்தார். ஆஸ்பத்திரி, தூதரகக் காகிதங்கள் முடியும்வரை தங்க இடம் வேண்டும்.

பாண்டித்துரை அண்ணன் பேப்பர் போடுகிறவர் என்று தெரிந்ததும் கனகரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இவன் சுஜந்தன்ர படம் இங்கத்தைப் பேப்பரில முன்பக்கத்தில வந்ததாம். அம்மா அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லி அழுறா. கடை கடையாக் கேட்டுப் பாத்திட்டன், கிடைக்கேல்லை."

"இதுக்கா இம்புட்டு அலைஞ்சீக? நம்ம கட்டுலயே கெடக்கும்ணே. நாளைக்கு எடுத்துத் தாரேன்" என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. கனகரத்தினம் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மதியம் எங்கள் அறை மணிகண்டன் மத்திக் குழம்பு வைத்தான். வழக்கம்போல் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்கு ஞாபகம் வந்தது. இடது கையால் கட்டிலுக்கடியில் இருந்த கட்டை இழுத்துப் புரட்டினார். அந்த நாள் பேப்பர் ஒன்றுகூட இல்லை. ஆபீசுக்குப் போன் போட்டார். பழைய கட்டெல்லாம் கூழாக அரைக்கப் போய்விட்டதாம்.

"ஏழு மொகம், மூணு மேல, நாலு கீழ" என்று முணுமுணுத்தபடி எங்கள் நடுவே பார்த்தார். பிறகு குனிந்து என் தட்டைத் தூக்கினார். கீழே ஏழு முகங்கள். மூன்று நாளாக அந்த நாள் பேப்பர் அத்தனையையும் விரித்துத் தின்று தீர்த்திருந்தோம். மிஞ்சியது இது ஒன்றுதான். மேல் வரிசையில் இரண்டாவது ஆளின் நெற்றியில் குழம்பு, பக்கத்தில் நான் துப்பிய முள்.

அவசர அவசரமாக எல்லாவற்றையும் அள்ளினோம். அண்ணன் தன் பனியனைக் கழற்றி ஒற்றி எடுத்தார். எண்ணெய் போகுமா? அதற்குள் கனகரத்தினம் வாசலில் நின்றார்.

என் வாய் முந்திக்கொண்டது.

"கெடைச்சிருச்சுண்ணே. வேன்ல யாரோ சாப்பாட்டைக் கொட்டிட்டாங்க, அதான் கறை."

அவர் நம்பிவிட்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பெரிய உபகாரம், தம்பி" என்றார்.

பாண்டித்துரை அண்ணன் வெறும் மேலோடு தலைகுனிந்து நின்றிருந்தார். "அவன் சொல்றது பொய்யிண்ணே" என்றார். "நாங்கதான் சோறு திங்க விரிச்சோம். கொண்டாந்தது நான். சாமி படத்தப் பாத்து எடுத்து வச்சேன், அரபிய எடுத்து வச்சேன். செத்த புள்ளைக மொகத்த எடுத்து வைக்கணும்னு எனக்குத் தோணலண்ணே."

கனகரத்தினம் தாளை விரித்து முகங்களைத் தேடினார். இரண்டாவது முகம்தான் சுஜந்தன்.

"மங்காஃபிலயும் நாங்கள் இப்பிடித்தான் சாப்பிடுறனாங்கள். ஆரின்ர பிள்ளை எண்டு நானும் ஒருநாள் பாக்கேல்லை" என்றார். பிறகு ஈரத்துணி கேட்டு வாங்கி, நெற்றிப் பக்கம் மெதுவாகத் துடைத்தார். துடைத்த இடத்தில் மை கலங்கியதும் நிறுத்திக்கொண்டார்.

"அம்மா கேட்டா என்னண்ணே சொல்லுவீக?" என்று அண்ணன்தான் கேட்டார்.

"வாற வழியில என்ர கையால சாப்பாடு கொட்டுப்பட்டிட்டுது எண்டு சொல்லுறன். அவவுக்கு வேறை ஒண்டும் தெரிய வேண்டாம்."

தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எங்களோடு வெறுந்தரையில் உட்கார்ந்து அவரும் இரண்டு வாய் சாப்பிட்டார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். நான் சொன்ன பொய்யை அவர் தன் தாயிடம் தன் பேரில் சொல்லப் போகிறார்.