நான் எடுத்துக் கொடுத்த திருக்கை வால்

என் மகளின் முதுகைக் கிழித்தவர் எங்கள் டியூஷன் மாஸ்டர்தான்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து சம்பளம் கொடுத்து அவரை வைத்தோம். வாரம் ஒரு வீட்டில் பாடம். எங்கள் முறை வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த, சாட்டைபோல் நீண்டு சொரசொரப்பான காய்ந்த திருக்கை மீன் வாலை நானே எடுத்துக் கொடுத்தேன். "சும்மா காட்டுங்க சார், அடங்கிடுவாங்க" என்றேன்.

அடுத்த வாரம், பக்கத்து வீட்டில், வாய்ப்பாடு தப்பியதற்காக அந்த வாலாலேயே என் மகளை விளாசியிருக்கிறார். சட்டை ரத்தத்தில் ஊறி சதையோடு ஒட்டிக்கொண்டது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"நீதானம்மா குடுத்த? இப்ப வந்து இன்னான்ற?" என்றார்.

வாலைப் பிடுங்கி அதாலேயே அவர் கையில் ஓர் அடி வைத்தேன். பிறகு அதை அடுப்பில் போட்டேன்.

இப்போது வேறு டீச்சர். எந்த வீட்டில் பாடம் நடந்தாலும் நானும் போய் உட்காருகிறேன்.

மாஸ்டர், என் தப்பை நான் எழுதிவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று இதே பத்திரிகையில் நீங்களும் எழுதுங்கள்.