செந்தூராப் பேனாவைப் படமெடுத்த கதை

பளபளக்கிற பொருளைப் படம் எடுத்துத் தரச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். என்னால் அப்படி அனுப்ப முடியவில்லை. கேட்டவர் என் வீட்டுக்காரர்.

அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து வந்தால் மனுஷன் காலை நீட்டிப் படுக்க மாட்டார். மாடிப்படிக்குக் கீழே ஒரு குட்டி லேத் போட்டு வைத்திருக்கிறார். அதில் அக்ரிலிக் கம்பியைக் கடைந்து மைப்பேனா செய்வார். செய்ததையெல்லாம் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்ததோடு சரி. இந்த முறை பெங்களூரில் நடக்கிற பேனாக் கண்காட்சியில், ஒரு கடைக்காரர் புது ஆள் ஒருவருடைய பேனாவைத் தன் மேசையில் வைப்பதாகச் சொல்லியிருந்தார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் படம் அனுப்ப வேண்டும், படத்தைப் பார்த்துத்தான் முடிவு. அந்த மேசையில் தன் பேனா இருந்தே ஆக வேண்டும் என்று இவர் சோறு தண்ணி மறந்து திரிந்தார்.

அனுப்ப வேண்டிய பேனாவுக்கு செந்தூரா என்று பெயரே வைத்திருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் செந்தூரா மாந்தோப்புக்கு நடுவில் வளர்ந்தவர். மஞ்சளும் சிவப்பும் சுழித்துக் கிடந்த ஒரு துண்டுக் கம்பி கையில் கிடைத்ததும் வேறு என்ன பெயர் தோன்றும்? ஒரு வார்ப்பில் விழுகிற சுழி இன்னொன்றில் விழாது. கிடைத்ததும் அந்த ஒரே துண்டுதான்.

ஞாயிறு காலை அதைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மாம்பழப் பெட்டியில் இருந்து ஒரு பலகையைப் பிரித்து, அதன்மேல் பேனாவை வைத்து, ஜன்னலோரம் செல்போனில் எடுத்தேன். பேனாவுக்குள் ஜன்னல் கம்பி. திருப்பி வைத்து எடுத்தேன். என் நைட்டியும் அதன் பூவும். சனியன் என்று மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே கொடியில் காயும் துணி அத்தனையும் வரிசையாகப் பேனாவுக்குள் வந்து நின்றது. வாளியோடு மேலே வந்த கன்னடக்கார வீட்டு ஓனரம்மா, "ஏனம்மா இது, பேனாக்கு போட்டோவா? மதுவே மாடத்தீரா?" என்றார். கல்யாணம் பண்ணி வைக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டு, அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த படத்தில் அவருடைய சிவப்புச் சேலை.

இவரோ ஒவ்வொரு படத்தையும் விரலால் இழுத்துப் பெரிசாக்கிப் பார்த்தார். கம்பெனியில் உதிரி பாகங்களை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் அப்படிப் பழகிவிட்டது.

"இங்க பாரு, மூடி ஓரத்துல தூசி."

"தொடைங்க."

"கிளிப்பு கோணலா தெரியுது."

"நேராத்தாங்க இருக்கு. நீங்கதான் கோணலா நிக்கறீங்க."

கடைசியில் எனக்கே ஒரு யோசனை வந்தது. கேக் செய்ய வாங்கி வைத்திருந்த எண்ணெய்த்தாளை ஜன்னல் முழுக்க ஒட்டினேன். வெயில் அதில் வடிந்து இறங்கியது. கம்பி போயிற்று, நைட்டி போயிற்று. பேனாவின் முதுகில் ஒரே ஒரு வெளிச்சக் கோடு, அதற்குக் கீழே அந்தச் சுழி அப்படியே தெரிந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓடிப்போய்க் காட்டினேன்.

"பரவால்ல," என்றார். "அந்த வெள்ளக் கோடு இல்லாம எடுக்க முடியாதா?"

"அந்தக் கோடு இருந்தாத்தாங்க அது உருண்டைன்னு தெரியும்!"

"இல்ல, கண்ணக் கூசுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கண் முன்னாலேயே கடைக்காரருக்கு அந்தப் படத்தை அனுப்பிவிட்டு, அரிசி களையப் போய்விட்டேன். "இன்னும் நேரம் இருக்கே, இன்னொண்ணு எடுத்து அனுப்பலாம்," என்று பின்னாலேயே குரல் வந்தது. நான் திரும்பவில்லை.

கம்பெனியில் பளபளக்கும் இரும்புச் சாமானைக் கேமரா வைத்து அளக்கும்போது, கூசாமல் இருக்க அதன்மேல் ஒரு வெள்ளை ஸ்ப்ரே அடிப்பார்களாம். காய்ந்தால் சுண்ணாம்புப் பொடி மாதிரி நிற்கும், வேலை முடிந்ததும் துடைத்துவிடலாம். படிக்கட்டுக்குக் கீழே அவரிடமும் ஒரு டப்பா இருந்தது. லேசாக ஒரு அடி அடித்தால் கோடு போய்விடும் என்று கணக்குப் போட்டு, நான் அரிசி களைகிற நேரத்தில் பேனாமேல் அடித்தும்விட்டார். இரும்புக்கு ஒன்றும் ஆகாது. பேனா அக்ரிலிக் ஆயிற்றே, ஸ்ப்ரேயில் கலந்திருக்கிற திரவம் பட்டாலே வெடித்துவிடும்!

"இங்க வாயேன்," என்று கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். பொடியைத் துடைத்திருந்தார். ஆறின பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி, பேனா உடம்பு முழுக்க முடி முடியாக விரிசல்.

"தேய்ச்சு எடுத்துரலாம்ல?" என்று கேட்டேன்.

"பேனாச் சுவரு மெல்லிசு. உள்ள வரைக்கும் எறங்கிருச்சு."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அடுப்பில் சோறு கொதித்து வழிந்தது, அதற்கும் சேர்த்து இவரையே திட்டினேன்.

விளக்கு போடும் நேரத்துக்கு போன் அடித்தது. கடைக்காரர்தான். ஸ்பீக்கரில் போட்டேன். வந்ததிலேயே இந்தப் பேனாதான், வேறு பேச்சே இல்லை, வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். "வேற ஏதாவது கொண்டு வரலாமா?" என்று இவர் மெல்லக் கேட்டார். "இல்லைங்க, படத்துல இருக்கிறதுதான். இல்லேன்னா அடுத்த ஆள்கிட்ட சொல்லிடுவேன்." இவர் பேனாவை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, "அடுத்த ஆளுக்கே சொல்லிருங்க சார்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் போனை வாங்கி, அனுப்பிய படத்தைத் திறந்தார். இந்த முறை பெரிசாக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்க," என்றார்.

அட பாவி மனுஷா, இதை மத்தியானமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!