உப்பில்லாத பழையது

திருப்பனந்தாள் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் நான் உணவு ஆலோசகராக இருந்த நாட்கள் பனிக்குள் நடந்தவை போல இருக்கின்றன. அது ஒரு மார்கழிக் காலை. சன்னலுக்கு வெளியே கதிர் வாங்கிய சம்பா மெல்ல அசைந்தது. அந்தப் பச்சை வெளிச்சம் அறைக்குள்ளும் மிதந்தது.

பெஞ்சின் இரு முனைகளில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நிலக்காரர், மற்றவர் அவருடைய குத்தகைதாரர். சாகுபடி உரிமைக்காக வழக்குப் போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இருவருக்குமே ரத்தக் கொதிப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம், பழையதில் உப்புப் போடாதீர்கள் என்று சேர்த்தே சொன்னேன்.

நிலக்காரரின் முகம் வாடியது. "உப்பில்லாம பழையது எப்படிம்மா எறங்கும்?"

நான் உணவுப் பட்டியலைப் புரட்டினேன். குத்தகைதாரர் சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "மோர் ஊத்தி, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டா எறங்கும்ங்க. ஒரு மாசமா அப்படித்தான் சாப்புடுறேன்."

நிலக்காரர் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வெங்காயம் எத்தனை?" என்று கடைசியில் கேட்டார்.

"நாலு போதுங்க."

மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று நான் அசையாமல் இருந்தேன்.

அடுத்த மாதம் இருவருக்கும் அழுத்தம் குறைந்திருந்தது. வழக்கு அப்படியேதான் நடந்தது. ஆனால் திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.