திரையில் தென்னையை அழித்தவர்

அடுத்தவர் கணக்கை என் கணக்கு என்று சொல்லித் திரிந்தது அயோக்கியத்தனம். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டதாக நானே நம்பியதுதான் முட்டாள்தனம்.

எண்பதுகளில், ராணுவத்துக்கான ரேடார் ஆய்வுக்கூடத்தில் அவர் எனக்கு மூத்தவர். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து படித்து வந்தவர். திரையில் புள்ளி தெரிந்தால் நாங்கள் திரையையே முறைப்போம். அவர் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

அசையாத தென்னைகளின் எதிரொலியை நீக்கி, அசைவதை மட்டும் காட்டும் கணக்கை எழுதியவர் அவர்தான். கூட்டத்தில் நான் அதை என்னுடையதாக வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார், மெதுவாக.

சுங்கை பஞ்சாங் ஊர் வயலோரம் அந்தக் கணக்குக்குச் சோதனை. "உங்க கணக்குத்தானே, நீங்களே உட்காருங்க" என்றார் பெரிய அதிகாரி. சரியாக முடிந்தால் எனக்கு வேலை நிரந்தரம்.

திரையில் ஒரு புள்ளி நகர்ந்தது. அவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பேசாமல் என் பின்னால் நின்றார்.

"விமானம்!" என்று கத்தினேன்.

அதிகாரிகள் வெளியே ஓடினார்கள். வயலிலிருந்து கிளம்பிய கொக்குக் கூட்டம் நிதானமாகப் பறந்துகொண்டிருந்தது. என் வேலையும் அதோடு போனது.

லோரியில் திரும்பும்போது அவர் முகம் தீபாவளிக்கு முதல் நாள் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கொக்குன்னு முன்னாடியே பாத்துட்டீங்கதானே? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் லா!"

"பாத்தேன். அதனாலதான் சொல்லல."